தம்பியை உட்கார வெச்ச பட்டியல்

அந்த பவுலர் இன்னைக்கு ஆடலையா சார்? காயமா? போனைத் திருப்பிக் காட்ட வேணாம் சார், எட்டிப் பாத்ததுக்கு மன்னிச்சுக்கங்க. பக்கத்து சீட்டுல உக்காந்துக்கிட்டு பாக்காம இருக்க முடியல. காயம்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா போதும், ஆளை ஓரமா உக்கார வெச்சுருவாங்க. அந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்கு வயிறு எரியும். என் தம்பி பொழப்பு அதுலதான் போச்சு.

திருப்பூருக்கா போறீங்க? நானும் அங்கதான். தம்பியைக் கூட்டியாரப் போறேன். வர்ற வெள்ளிக்கிழமை எங்க ஊர் காளியாத்தாளுக்குக் காப்புக் கட்டு. அதுக்குள்ள அவனைக் கொண்டு வந்து ஊர்ல நிறுத்தணும். வருவானா மாட்டானான்னு தெரியல. என்கிட்ட பேசி ரெண்டு வருசத்துக்கு மேல ஆச்சு. கூடப் பொறந்த அண்ணன்கிட்ட. என்ன தப்பு பண்ணேன்னு கேளுங்க, இந்தப் பஸ்ஸுல இருக்கிற எவன் வேணும்னாலும் நியாயம் சொல்லட்டும், நான் கேட்டுக்கிறேன்.

என் பேரு தங்கமுடி. வேடசந்தூர் தாண்டி உள்ள தள்ளி எங்க ஊரு. டிராக்டர் வெச்சிருக்கேன், உழவு ஓட்டுறேன். தம்பி பேரு கதிரேசன். நீங்க கபடி பாக்குற ஆளா இருந்தா அவனை டிவியில பாத்திருப்பீங்க. பெரிய லீக்குல ஆடுனவன். எந்த டீம்னு கேக்காதீங்க, அந்தப் பேரை என் வாயால சொல்றதில்லன்னு சத்தியம் பண்ணிருக்கேன்.

அவன் சின்னப் புள்ளையா இருக்கும்போதே அப்பா தவறிட்டாரு. நான் அண்ணன் மட்டும் இல்ல சார், அவனுக்கு அப்பனும் நான்தான். காலையில எழுப்பி ஏரிக்கரையில ஓட விட்டது யாரு, நான். முட்டை வாங்கிக் குடுத்தது யாரு, நான். பத்தாவது படிக்கும்போது ஒரு மேட்ச்ல தோள்பட்டை எறங்கிப் போச்சு. கட்டுப் போடுறவர்கிட்ட கூட்டிட்டுப் போயி ஏத்தி விட்டு, அன்னைக்கு சாயங்காலமே பைனல்ல எறக்குனேன். அழுதான். அழுதாலும் ஆடுனானா இல்லையா? ஆடுனான். கப்பு இன்னும் எங்க வீட்டு டிவி மேலதான் இருக்கு. அப்படி வளத்த புள்ளை.

அவன் பெரிய டீமுக்குப் போனதே ஒரு கதை. அங்க கேரளாக்காரர் ஒருத்தர் ஆடிக்கிட்டு இருந்தாரு, நல்ல ஆட்டக்காரர்தான், வயசாயிருச்சு. அவருக்குக் கணுக்கால்ல அடிபட்டு, காயம் பட்டவங்களை சீசன் முழுக்க உக்கார வெக்கிற பட்டியல்ல பேரை ஏத்திட்டாங்க. அந்த எடத்துக்கு ஆள் வேணும்னு கதிரேசனைக் கூப்பிட்டாங்க. போனான், மொத மேட்ச்லயே வெளுத்து வாங்கிட்டான். அந்தக் கேரளாக்காரர் திரும்பி வரவே இல்ல. பாவம்தான், என்ன பண்றது, காளியாத்தா கண்ணைத் தொறந்துட்டான்னு நான் கெடா வெட்டுனேன். அப்பெல்லாம் அந்த ரூல் நல்ல ரூலாத்தான் இருந்துச்சு.

ரூல் என்னன்னு சொல்றேன், அது தெரிஞ்சாத்தான் உங்களுக்கு என் வயித்தெரிச்சல் புரியும். டீம் மேனேஜர் ஒருத்தரு, மெட்ராஸ்காரரு, பொறுமையாப் பேசுவாரு. அவர்தான் கையெழுத்துப் போடுற அன்னைக்கு எங்களை உக்கார வெச்சு வெளக்குனாரு. அமெரிக்காவுல பேஸ்பால்னு ஒரு ஆட்டமாம். நம்ம கிட்டிப்புள்ளுல புள்ளுக்குப் பதிலா பந்தைப் போட்ட மாதிரி இருக்கும்போல. அங்க இருந்து எடுத்த ரூலாம். அங்க ஒருத்தனுக்கு அடிபட்டா சும்மா பெஞ்சுல போட மாட்டாங்களாம், ஒரு பட்டியல்ல பேரை ஏத்திருவாங்களாம். சின்ன அடின்னா பத்து நாள் பட்டியல். பந்து எறியிறவனா இருந்தா பதினஞ்சு நாள். பெரிய அடின்னா அறுபது நாள் பட்டியல்னு தனியா ஒண்ணு. பேரு ஏறிருச்சுன்னா, நாலாம் நாளே கால் சரியாப் போனாலும் அந்தக் கெடு முடியாம எறங்க முடியாது. இல்லாட்டி இன்னைக்கு ஏத்தி நாளைக்கு எறக்கி, இஷ்டத்துக்கு ஆளை மாத்தி ஆடுவாங்கல்ல, அதுக்காக. அவன் உக்காந்திருக்கிற வரைக்கும் அவன் எடத்துல வேற ஆளைக் கொண்டாந்துக்கலாம். அவனுக்குச் சம்பளம் நிக்காது, வைத்தியம் டீம் செலவு. சின்னப் பட்டியல்ல இருக்கிறவன் எடம் அவனுக்குத்தான், வந்தவன் போயிரணும். பெரிய பட்டியல்ல ஏறுனாத்தான் அந்த எடமே வேற ஆளுக்குன்னு ஆகும்.

அதையே கொஞ்சம் மாத்தி இங்க வெச்சிருக்காங்க. நாளுக்குப் பதிலா மேட்ச் கணக்கு. ஒண்ணு சின்னது, ஒண்ணு சீசன் முழுக்க. ஆளைக் காப்பாத்துற ரூலுங்கன்னாரு மேனேஜர். இல்லாட்டி இந்தப் பசங்க ஒடைஞ்ச காலோட ஆடுவாங்க, ஆட விடுறவங்களும் இருக்காங்கன்னாரு. என்னைப் பாத்துதான் சொன்னாரு. யாரை நெனச்சுச் சொன்னாரோ.

அதுல இன்னொண்ணு இருந்துச்சு. பட்டியல்ல இருக்கிற வரைக்கும் எங்கேயும் களத்துல கால் வெக்கக் கூடாது. டாக்டர் சரின்னு சொன்னப்பறம்தான். மீறுனா ஒப்பந்தம் ரத்து, அப்பறம் வைத்தியமும் அவங்க பொறுப்பு இல்ல. அதைத் தமிழ்ல படிச்சுத்தான் காட்டுனாரு, இல்லைன்னு சொல்லல. நானும் சாட்சிக் கையெழுத்துப் போட்டேன். ஆனா அது அவங்க ரப்பர் மேட்டு விரிச்சு, லைட்டப் போட்டு ஆடுற ஆட்டத்துக்கு. நம்ம காளியாத்தா முன்னாடி மண்ணுல எறங்குறது நேத்திக்கடன். அது எப்படி சார் ஆட்டத்துல சேரும்? தீ மிதிக்கிறவனை ஓட்டப் பந்தயத்துல ஓடுனான்னு சொல்லுவீங்களா?

சரி, விசயத்துக்கு வர்றேன். ரெண்டாவது சீசன். நல்லா ஆடிக்கிட்டு இருந்தான். ஒரு மேட்ச்ல கபடி பாடி எதிராளுங்க பக்கம் போயித் திரும்புறப்ப வலது முட்டியை ரெண்டு பேர் சேத்துப் புடிச்சுத் திருகிட்டாங்க. எந்திரிச்சுட்டான். நடந்துதான் வெளிய வந்தான், டிவியில பாத்தேன். நடந்து வந்தவனுக்கு என்ன காயம்? டீம் டாக்டரம்மா முட்டியை அமுக்கிப் பாத்து வலிக்குதான்னு கேட்டிருக்கு. இவன் என்ன சொல்லணும்? இல்லைங்கணும். தோள் எறங்குனப்பவே இல்லைன்னு சொல்லப் பழக்குன புள்ளை. வலிக்குதுன்னு சொல்லிட்டான் சார். போன்ல என்கிட்ட சொல்றான், அண்ணே உள்ளதைச் சொன்னேன்னு. அரிச்சந்திரன். அங்க ஆரம்பிச்சதுதான் எல்லாம்.

ஜவ்வு பாதி கிழிஞ்சிருக்காம். ஒழுங்கா உக்காந்து, சொல்ற பயிற்சியைப் பண்ணா தானாச் சரியாப் போகும், அழுத்தம் குடுத்தா முழுசாப் போயிரும்னு சொல்லிருக்கு. சின்னப் பட்டியல்ல ஏத்திட்டாங்க. அவன் எடத்துக்கு வடக்க இருந்து ஒரு பையனைக் கொண்டாந்தாங்க. அந்தப் பையன் ஆடுறதை நான் வீட்டுல உக்காந்து பாக்குறேன். மொத மேட்ச்ல சுமாரு. ரெண்டாவது மேட்ச்ல அள்ளுறான். எனக்குச் சோறு எறங்கல. கேரளாக்காரர் எடத்தை நம்மாளு எப்படிப் புடிச்சான்னு எனக்குத் தெரியுமே. கதிரேசன் என்னடான்னா சிரிக்கிறான். அண்ணே, அவன் நல்ல பையண்ணே, நான்தான் அவனுக்குத் திரும்புற எடம் சொல்லிக் குடுக்கிறேங்கிறான். வேலியில போற ஓணானை எடுத்து வேட்டிக்குள்ள விடுறியேடான்னேன். என் எடம் எனக்குத்தாண்ணே, ரூல் இருக்குன்னான். ரூலை நம்புனான் சார், கூடப் பொறந்தவனை நம்பல.

அந்த நேரம் பாத்துத்தான் எங்க ஊர்த் திருவிழா. உங்க ஊர்ல காப்புக் கட்டுனா சாமிக்கும் பூசாரிக்கும் கட்டுவாங்க. எங்க ஊர்ல கபடிக்காரங்க ஏழு பேருக்கும் கட்டணும். திருவிழாவே கபடிதான். மஞ்சக் கயிறு கையில ஏறிருச்சுன்னா ஊர் எல்லை தாண்டக் கூடாது, களத்துல எறங்க மாட்டேன்னும் சொல்லக் கூடாது. ஆளு வெளியூர்ல இருந்தா, அவன் அப்பனோ அண்ணனோ அவன் பேரைச் சொல்லித் தன் கையில கட்டிக்கலாம். கட்டிக்கிட்டா அவன் வந்தே ஆகணும். வரலைன்னா அந்தக் குடும்பத்துக்கு வருசம் முழுக்கக் கோயில்ல விபூதி கெடையாது. பொண்ணு குடுக்க மாட்டாங்க, எழவுக்கு வர மாட்டாங்க. அது எங்க பாட்டன் காலத்துல இருந்து இருக்கிற ரூலு. அமெரிக்காவுல இருந்து வந்ததில்ல.

கமிட்டித் தலைவரு நல்லுச்சாமி. அவரு கூட்டத்துல நின்னு, நம்ம ஊர்ல டிவியில வர்ற புள்ளை இருக்கு, மொதப் பாட்டு அவன்தான் பாடிப் போகணும், கதிரேசன் பேருக்குக் கையை நீட்டுறது யாருன்னு கேட்டாரு. ஊரே என்னைப் பாக்குது. எங்க அப்பன் காலத்துல நாங்க அந்தக் கூட்டத்துல கடைசி வரிசையில நின்னவங்க சார். ஒருத்தரும் எங்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்ல. அன்னைக்குக் கூப்பிட்டாங்க. நீட்டிட்டேன். அம்மா மட்டும் பின்னால நின்னுக்கிட்டு, வேணாண்டா, அவனைக் கேக்காமக் கட்டாதடான்னு சொல்லிக்கிட்டே இருந்துச்சு. பொம்பளைங்களுக்கு இதெல்லாம் எங்க புரியும்.

போன் போட்டு, காப்புக் கட்டியாச்சு, நீ வந்துதான் ஆகணும்னேன். அம்மாவைப் பாத்துட்டு வர்றேன்னு டீம்ல சொல்லிட்டு வந்தான். ரெஸ்ட்டுதானேன்னு அவங்களும் விட்டுட்டாங்க. டாக்டரம்மா எனக்கே போன் போட்டு, வீட்டுல கவனமாப் பாத்துக்கங்க, நெறைய நடக்க விடாதீங்கன்னுச்சு. நான் நடக்கவா விட்டேன்? களத்துக்கே டிராக்டர்லதான் கூட்டிட்டுப் போனேன்.

வீட்டுக்குள்ள நொழைஞ்சவன் மொதல்ல என் கையைத்தான் பாத்தான்.

"என்னைய ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லண்ணே."

"கேட்டா மாட்டேம்பியே."

அம்புட்டுதான் பேச்சு. அன்னைக்குச் சாப்புடாமப் படுத்துட்டான். அம்மா தட்டை வெச்சுக்கிட்டு உக்காந்திருந்துச்சு. நான் நல்லாச் சாப்புட்டேன், பொய் சொல்லல, மனசு அவ்வளவு நெறைஞ்சிருந்துச்சு.

நானும் ஒண்ணும் ஈவு இரக்கம் இல்லாதவன் இல்ல. ஒரே ஒரு பாட்டுதாண்டா, போ, கோட்டைத் தொடு, வா, சாமிக் கடன் தீந்துச்சுன்னு சொல்லித்தான் எறக்குனேன். சூடம் காட்டுனதும் போனான். முட்டியில பட்டையைச் சுத்திக்கிட்டுப் போனான். போனவன் சும்மா வரல சார், ஒருத்தனைத் தட்டிட்டு வந்துட்டான். அந்தக் கூட்டம் போட்ட சத்தம் இருக்கே. நான் போன்ல எடுத்துக்கிட்டு இருந்தேன். நேரா என்கிட்ட வந்து, "அண்ணே, கடன் முடிஞ்சுச்சு, நான் உக்காந்துக்கிறேன்"னான். சரிடான்னு சொன்னேன். சத்தியமாச் சொன்னேன். உக்காந்தான்.

கடைசியில, முடியப் போற நேரம், நம்ம ஊரு ரெண்டு பாயிண்ட் பின்தங்கி நிக்குது. எதிராளு மூணு ஊர் தள்ளி இருக்கிறவங்க, அவங்ககிட்ட நாங்க தோக்கக் கூடாது, அது பழைய பகை. நல்லுச்சாமி மைக்கைப் புடிச்சு, நம்ம சிங்கம் கதிரேசன் இப்ப எறங்கும்னு சொல்லிட்டாரு. யாரைக் கேட்டுச் சொன்னாருன்னு எனக்குத் தெரியாது. கதிரேசன் என்னைத் திரும்பிப் பாத்தான். நான் ஒண்ணுமே சொல்லல சார். வாயத் தொறக்கவே இல்ல. காப்புக் கட்டுன கையைத் தலைக்கு மேல தூக்கிக் கும்பிட்டேன். சாமியைத்தான் கும்பிட்டேன். அந்த நேரம் பாத்து அவன் என்னைப் பாத்துக்கிட்டு இருந்தா அதுக்கு நான் என்ன பண்றது?

எந்திரிச்சுப் போனான். மூணு பேரைத் தட்டிட்டான். திரும்புறப்ப அந்தக் காலையே புடிச்சாங்க. பச்சைக் கம்பு முறியிற மாதிரி ஒரு சத்தம், கயித்துக்கு வெளிய நின்ன எனக்கே கேட்டுச்சு. ஆனா கை கோட்டைத் தாண்டிருச்சு. மூணு பாயிண்ட். ஜெயிச்சுட்டோம். அப்படியே ஜனம் என்னைத் தூக்கிருச்சு. தோள் மேல வெச்சுக்கிட்டு, கதிரேசன் அண்ணன், கதிரேசன் அண்ணன்னு ஒரே கூத்து. மாலை போட்டாங்க. எங்க குடும்பத்துல மொத மாலை. நான் எறங்கி வந்து பாக்குறதுக்குள்ள அவனை ஆட்டோவுல ஏத்தி அனுப்பிட்டாங்க. அம்மா மட்டும் கூடப் போயிருந்துச்சு.

அதோட விட்டிருந்தாலும் ஒண்ணும் ஆயிருக்காது. கட்டுப் போட்டு, ஏணிப்படியில விழுந்துட்டேன்னு டீம்ல சொல்லிருக்கலாம். கெடுத்தது வீடியோ. எவனோ ஊருக்கெல்லாம் அனுப்பிட்டான் சார். லீக்குக்காரன் வரைக்கும் போயிருச்சு. நான் எடுத்ததுதான், அதுல என்ன இருக்கு, ஆனா நான் யாருக்கும் அனுப்பல. எங்க சொந்தக்காரங்க குரூப்புல மட்டும்தான் போட்டேன். பெரியம்மா மகன் அதை அவன் கூட்டாளிங்களுக்கு அனுப்பிருக்கான். போட்டவன் மேல என்ன தப்பு இருக்கு, அனுப்புனவன் மேலதானே? இன்னைக்கு வரைக்கும் அவன்கூடப் பேச்சு வார்த்தை கெடையாது. தம்பி வாழ்க்கையைக் கெடுத்த பயகூட நான் எப்படிப் பேசுவேன்.

மேனேஜர் போன் போட்டாரு. திட்டல, திட்டிருந்தாக்கூடப் பரவாயில்ல. "இன்னும் ரெண்டு மேட்ச்தாங்க பாக்கி. அப்பறம் அவர் எடம் அவருக்குத்தானே. ஏங்க இப்படிப் பண்ணீங்க?"ன்னாரு. நான் என்ன பண்ணேன்? நீங்க அவனைப் பட்டியல்ல ஏத்தாம இருந்தா அவன் அன்னைக்கு ஊருக்கே வந்திருக்க மாட்டானேன்னு திருப்பிக் கேட்டேன். போனை வெச்சுட்டாரு. நியாயத்துக்கு எங்க பதில் இருக்கும். ஒப்பந்தம் ரத்து. ஆபரேசனுக்கும் அவங்க வரல. நான் டிராக்டரை வித்தா பண்ணிருக்கலாம். டிராக்டரை வித்துட்டு எல்லாரும் எதைத் திங்கிறது? ஊர்லயே கட்டுப் போட்டோம். முட்டி ஒரு மாதிரி வெளிப்பக்கமா நின்னுருச்சு. பழி ஓரிடம் பாவம் ஓரிடம்.

அந்த வடக்கத்திப் பையன் இன்னைக்கும் அங்கதான் ஆடுறான். இவனுக்குப் போன் போட்டு அழுதானாம். நடிப்பு. எடத்தைப் புடுங்குனவன் எதுக்கு அழுவான்? நான் அந்தக் கேரளாக்காரருக்குப் போன் போட்டு அழுதனா?

கால் ஊனுற அளவுக்கு ஆனதும் ஒரு நாள் காலையில பையைத் தூக்கிட்டுக் கெளம்பிட்டான். அம்மாகிட்டச் சொல்லிட்டுப் போயிருக்கான், என்கிட்டச் சொல்லல. திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனியில வாட்ச்மேனாம். பாட்டுப் பாடிப் போனா நாலாயிரம் பேர் எந்திரிச்சு நின்ன புள்ளை, கேட்டுல லாரி நம்பர் எழுதிக்கிட்டு நிக்கிறான். அங்கயே மேகலான்னு ஒரு பொண்ணைக் கட்டிக்கிட்டான். எனக்குச் சொல்லி விடல. அந்தப் பொண்ணு மூஞ்சியக்கூட நான் பாத்ததில்ல, அது என் குரலைக்கூடக் கேட்டதில்ல. என் நம்பர்னா எடுக்க மாட்டான். அப்பன் ஸ்தானத்துல இருந்தவனுக்கு இந்த மரியாதை.

இப்ப எதுக்குப் போறேங்கிறீங்களா? போன வருசமும் அதுக்கு முந்தின வருசமும் நாங்க தோத்துட்டோம் சார். காப்புக் கட்டுற கூட்டத்துல என்னைப் பழையபடி கடைசி வரிசைக்குத் தள்ளிட்டாங்க. நல்லுச்சாமிதான் சொன்னாரு, தங்கமுடி, உன் தம்பி ஆட வேணாம்பா, வந்து மொதப் பாட்டு மட்டும் பாடிட்டுப் போகட்டும், புள்ளைகளுக்கு ஒரு தெம்பு, உனக்கும் முன்வரிசை உண்டுன்னு. ஒரே ஒரு பாட்டு. போ, கோட்டைத் தொடு, வா. நொண்டிக்கிட்டேகூடப் போகலாம், யாரு புடிக்கப் போறா. இந்தத் தடவை நான் கையை நீட்டுறதுக்கு முன்னாடியே கேக்கப் போறேன் பாருங்க, அவன் கேக்கலைன்னுதானே கோவிச்சான். அண்ணன் மாறிட்டேன்னு தெரிய வேணாமா.

தாராபுரம் வந்துருச்சா? இன்னும் கொஞ்சம் இருக்கா. சார், ஒரு ஒதவி. தப்பா நெனைக்காதீங்க. உங்க போன்ல இருந்து அவனுக்கு ஒரு போன் போட்டுக் குடுங்க. என் நம்பரைப் பாத்தாக் கட் பண்ணுவான். கேட்டுல நிக்கிறானா வீட்டுல இருக்கானான்னு தெரிஞ்சா நேரா அங்க போயிருவேன். நம்பர் இருக்கு, அம்மா போன்ல இருந்து பாத்து எழுதிக்கிட்டேன். இந்தாங்க.

ரிங் போகுது.

ஹலோ. ஆமா... யாரு, ஆமாம்மா, நான்தான். ம். ம். பஸ்ஸுல இருக்கேன், சத்தமாப் பேசுங்க. ஆமா... அப்படியா. எப்ப இருந்து? ம்... முட்டியா? நிக்கவே முடியலையா? ம்... சரி. சரிம்மா. அழாதீங்க. அழாதம்மா. இல்ல இல்ல, வேற ஆளெல்லாம் போடல. ரெண்டு நாள் எதுக்கு, நல்லாச் சரியாகுற வரைக்கும் எடுத்துக்கச் சொல்லு. ஆமா, நான் சொல்றேன்ல. நான் பாத்துக்கிறேன். ஆபீசுக்கு யாருக்கும் திரும்பப் போன் போட வேணாம். ரெஸ்ட் எடுக்கச் சொல்லு. ம். வெக்கிறேன்.

அந்தப் பொண்ணு சார். மேகலா. புது சூப்பர்வைசர் சாருங்களான்னு எடுத்த உடனே கேட்டுச்சு. ஆமான்னுட்டேன். என்னன்னு சொல்லிப் பேசுறது, அண்ணன்னு சொன்னா வெச்சுருமே. நின்னு நின்னு முட்டி வீங்கிப் போச்சாம், காலைக் கீழ ஊன முடியலையாம், படுத்துக் கெடக்கானாம். காலையில கம்பெனிக்குப் போன் போட்டிருக்காங்க, லீவு சூப்பர்வைசர்தான் குடுக்கணும், அவரே கூப்பிடுவாருன்னு சொல்லிருக்காங்க. அவர்தான்னு நெனச்சுக்கிட்டு அந்தப் பொண்ணு கெஞ்சுது. சார், சொல்லாம நின்னா அன்னைக்கே பேரை எடுத்துட்டு வேற ஆளைப் போட்டுருவோம்னு சொல்லிருக்கீங்க, அதான் சார், ரெண்டே ரெண்டு நாள் லீவு குடுங்க சார், எப்படியாச்சும் வந்துருவாரு சார்னு ஒரே அழுகை. எனக்கு மனசு தாங்கல. சரியாகுற வரைக்கும் எடுத்துக்கச் சொல்லிட்டேன். உள்ள இருந்து அவன் குரல் கேட்டுச்சு. என்ன சொல்றாருன்னு கேட்டான். லீவு குடுத்துட்டாருங்கன்னு இது சந்தோசமாச் சொல்லுது. நல்லாருக்கட்டும் மனுசன்னான் சார். என்னையத்தான் சொன்னான். ரெண்டு வருசங்கழிச்சு என் தம்பி வாயால.

நான் தாராபுரத்துலயே எறங்கிக்கிறேன். இனி அங்க போயி என்ன பண்ண? நிக்கவே முடியாதவன் மொதப் பாட்டுக்கு எப்படிப் போவான். நல்லுச்சாமிகிட்ட வேற எதாச்சும் சொல்லிக்க வேண்டியதுதான். படுத்துக் கெடக்கட்டும், கொஞ்ச நாளைக்கு நிம்மதியா. நான் அவனுக்குக் கெட்டது நெனைக்கிறவன்னா இப்படிச் சொல்லிருப்பனா, நீங்களே சொல்லுங்க. எது பண்ணாலும் அவன் நல்லதுக்குத்தான் பண்ணுவேன். அவனுக்குத்தான் அது தெரியாது.

ஸ்டாண்டுக்குள்ள திரும்பிருச்சு. வர்றேன் சார். பேச்சுத் துணைக்கு நல்ல மனுசன் கெடைச்சீங்க. இந்தாங்க போனு. அந்த நம்பர்ல இருந்து திரும்பக் கூப்பிட்டாங்கன்னா மட்டும் எடுத்துராதீங்க.